அண்ணன் பேசியது சபைக்குக் கேட்கவில்லை

சத்தம் வரவில்லை என்றதும் எல்லோரும் ஓடிப்போய் ஸ்பீக்கரைத் தட்டுவார்கள். தட்டினால் கை வலிக்குமே தவிர சத்தம் வராது. காரைக்குடியில் நான் நடத்தும் ஒலி-ஒளி வகுப்புக்கு, செருகுகிற பின் எது, அதை வாங்குகிற ஜாக் எது என்று தெரியாமல் வருகிறவர்களிடம் முதல் நாளே இதைச் சொல்லிவிடுவேன். சத்தம் ஓரிடத்தில் பிறக்கிறது. மின்சாரமாக மாறி வயர் வழியே போகிறது. அப்படிப் போகும்போது அதற்கு சிக்னல் என்று பெயர். கடைசியில் ஸ்பீக்கரில் மறுபடி சத்தமாகிறது. நடுவில் தொலைந்தால், பிறந்த இடத்திலிருந்து ஒவ்வொரு படியாகத் தேடிக்கொண்டு வர வேண்டும். முடிவிலிருந்து தேடுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அக்கா மகள் கல்யாணத்தில் நான் அப்படித் தேட வேண்டியிருந்தது என் அண்ணனின் குரலை.

எங்கள் வீட்டில் மூன்று பேர். அண்ணன் மூத்தவர், அடுத்து அக்கா, கடைக்குட்டித் தங்கச்சி நான். அப்பா தச்சு வேலை செய்தவர். அண்ணனும் உளி பிடித்துத்தான் மலேசியாவுக்குப் போனார். இப்போது அங்கே சமையலறை அலமாரி செய்யும் பட்டறை ஒன்றில் மேற்பார்வை. அவருக்கு ஒரே மகன், அக்காவுக்கு ஒரே மகள். இரண்டும் தொட்டிலில் கிடந்தபோதே இவனுக்கு இவள்தான் என்று பேசி வைத்துவிட்டார்கள். பேசி வைத்தவர்கள் அந்த இரண்டு பேரைக் கேட்கவில்லை. பெண் படித்து வேலைக்குப் போனபின், “மாமா மகன அண்ணன் மாதிரிதான் நெனச்சு வளந்திருக்கேன், என்னால முடியாது” என்று சொல்லிவிட்டாள். அவள் சொன்னதில் எனக்கு ஒரு தப்பும் தெரியவில்லை. அண்ணனுக்கு அது நாலு பேர் முன்னால் கன்னத்தில் அறைந்த மாதிரி. பெண்ணுக்கு வேறு இடத்தில் பரிசம் போட்ட நாளிலிருந்து அக்காவோடு பேச்சை நிறுத்திவிட்டார்.

பேசாமல் போகட்டும் என்று விட்டுவிடவும் முடியாது. எங்கள் வகையறாவில் தாலி எடுத்துக் கொடுப்பதற்கு முன்னால் புரோகிதர் சபையைப் பார்த்து, தாய்மாமன் சம்மதமா என்று கேட்பார். பெண்ணின் தாய்மாமன் எல்லோர் காதிலும் விழும்படி, “சம்மதம், கட்டச் சொல்லுங்க” என்று சொல்ல வேண்டும். அதற்கப்புறம்தான் கெட்டிமேளம். தாய்மாமன் காலமாகியிருந்தால் அவர் படத்துக்கு முன்னால் கேட்டுவிட்டு மேளத்தைத் தட்டச் சொல்லிவிடலாம். உயிரோடு இருக்கிறவர் வாயைத் திறக்காவிட்டால் அது காலத்துக்கும் பேச்சு. அந்தப் பெண்ணுக்குத் தலைவலி வந்தால்கூட மாமன் வயிற்றெரிச்சல் என்பார்கள்.

மாப்பிள்ளை வீடு திருக்கோஷ்டியூர்ப் பக்கம். அவர்களுக்கும் இதே வழக்கம். மாப்பிள்ளையின் அப்பா முதல் நாளே என்னிடம் வந்து, “மாமன்காரரு வாய்வார்த்த வந்துரும்ல? எங்க ஆளுக ஒரு மாதிரி, பாத்துக்குங்க” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

அண்ணனிடம் நான்தான் போனில் கெஞ்சிக்கொண்டே இருந்தேன். கடைசியில், “நேர்ல வந்து நிக்க மாட்டேன். வேணும்னா வீடியோவுல வாரேன்” என்றார். வந்து என்ன சொல்வேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வருகிறேன் என்றதே அப்போது பெரிதாக இருந்தது. அக்கா அன்றைக்கெல்லாம், “அண்ணன் வாராகளாம், அண்ணன் வாராகளாம்” என்று பார்க்கிற ஆட்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

கல்யாணம் திருப்பத்தூரில் ஒரு மண்டபத்தில். மணவறைக்குப் பக்கத்தில் பெரிய டிவி ஒன்றை நிறுத்தி, அதற்கு ஓரமாக மேசை போட்டு என் லேப்டாப்பை வைத்தேன். இரண்டுக்கும் நடுவில் எச்டிஎம்ஐ வயர். படத்தையும் சத்தத்தையும் ஒன்றாகவே கொண்டுபோகக் கூடிய வயர் அது. ஆனால் டிவியின் ஸ்பீக்கர் வீட்டுக் கூடத்துக்குத்தான் லாயக்கு. கல்யாணக் கூட்டத்தில் அது கொசு கத்துகிற மாதிரி. அதனால் படம் மட்டும் டிவிக்கு. சத்தத்தைத் தனி வயரில், அதே மேசையில் இருந்த மைக்செட்காரரின் மிக்சருக்குக் கொடுத்தோம். பல மைக்குகளிலிருந்து வரும் சத்தத்தை வாங்கி, அளவு பார்த்துச் சேர்த்து, பெரிய ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் பெட்டிதான் மிக்சர். அதில் கெயின் என்று ஒரு திருகு, வால்யூம் என்று ஒரு திருகு. இரண்டும் ஒன்றுதான் என்று நினைக்காத ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை. உள்ளே வருவதை எவ்வளவு பெருக்கி வாங்குவது என்பது கெயின். வாங்கியதை எவ்வளவு வெளியே விடுவது என்பது வால்யூம். உள்ளே ஒன்றுமே வராதபோது வால்யூமை ஏற்றினால் வெறும் இரைச்சல்தான் கேட்கும்.

லேப்டாப்பில் ஹெட்போனுக்கு இருப்பது ஒரே ஓட்டை. அதில் ஸ்பிளிட்டர் என்ற சின்னத் துண்டைச் செருகி வழியை இரண்டாகப் பிரித்திருந்தேன். ஒன்றில் மிக்சருக்குப் போகும் வயர், இன்னொன்றில் என் ஹெட்போன். சபைக்குப் போவது என் காதுக்கும் வரும். எங்களை அண்ணனுக்குக் காட்டுவதும் எங்கள் பேச்சை அவருக்குக் கேட்க வைப்பதும் லேப்டாப்பிலேயே இருக்கும் கேமராவும் மைக்கும்.

பேசிப் பார்த்துச் சோதித்துவிட்டால் நிம்மதி. அதற்குத்தான் வழியில்லாமல் போயிற்று. கல்யாண வீட்டில் முதல் சத்தம் மங்கல இசையாகத்தான் இருக்க வேண்டும் என்று அக்கா ஒற்றைக்காலில் நின்றாள். “ஹலோ ஹலோ, ஒன்னு ரெண்டுன்னு கத்துனே, எனக்குக் கெட்ட கோவம் வரும், ஆமா.” அண்ணனையாவது முன்கூட்டிக் கூப்பிட்டுப் பார்க்கிறேன் என்றேன். “எமகண்டம் கழியட்டும். இத்தன நாளு கழிச்சுப் பேசப் போறாக. மொதப் பேச்சு நல்ல நேரத்துலதான் வரணும்.” அவளை மீறி ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே லேப்டாப்பில் நாதஸ்வரப் பதிவு ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். வந்தது. தவில் மட்டும் சத்தில்லாமல், கிணற்றுக்குள் வாசிக்கிற மாதிரி இருந்தது. மண்டபத்தின் எதிரொலி என்று நினைத்துக்கொண்டேன். “ஹாலு அப்படித்தான்க்கா” என்று சொல்லிவிட்டு மைக்செட்காரர் சாப்பிடப் போய்விட்டார்.

நல்ல நேரம் பிறந்ததும் அண்ணனைக் கூப்பிட்டேன். டிவியில் வந்தார். நெற்றி நிறைய விபூதி. கன்னம் ஒட்டி, தலை நரைத்து, அப்பாவின் சாடை அப்படியே இறங்கியிருந்தது. அக்கா மணவறையிலிருந்தே இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டாள். அவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பதிலுக்குக் கும்பிடவில்லை.

அந்த நேரம் பார்த்து படம் நின்றுவிட்டது. வீடியோ என்பது ஓடுகிற படம் இல்லை. ஒன்றன்பின் ஒன்றாக வேகமாக மாற்றிக் காட்டப்படும் நிழற்படங்கள். ஒவ்வொன்றுக்கும் ஃபிரேம் என்று பெயர். அத்தனையும் வந்து சேர அகலமான பாதை வேண்டும். அதைத்தான் பேண்ட்வித் என்கிறோம். மண்டபத்தில் ஆளுக்கொரு செல்லைத் தூக்கிப் பிடித்து ஊருக்கெல்லாம் கல்யாணத்தைக் காட்டிக்கொண்டிருந்தால் எங்களுக்கு மிஞ்சுவது ஒற்றையடிப் பாதை. பாதை குறுகினால் இந்தச் செயலிகள் முதலில் படத்தைக் கைவிடும், குரலைக் கடைசி வரை காப்பாற்றும். ஆக, டிவியில் அண்ணன் வாயை இறுக்க மூடிக்கொண்டு எங்களை முறைக்கிற ஒரு ஃபிரேம் அப்படியே நின்றது. சபைக்கு அது நின்றுபோன படம் என்று தெரியாது. முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மாமன் என்றுதான் தெரியும்.

புரோகிதர் மைக்கைப் பிடித்துச் சபையைப் பார்த்தார். “பெண்ணுக்குத் தாய்மாமன் சம்மதமா?”

மண்டபம் அடங்கியது. நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயில் வைத்துக் காத்திருந்தார். ஸ்பீக்கரில் ஒன்றும் வரவில்லை.

என் ஹெட்போனில் வந்தது.

“எதுக்குச் சம்மதம்?” அண்ணனின் குரல் தெளிவாக, பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி கேட்டது. “எம் மகன வேணாம்னு தூக்கி எறிஞ்சிட்டு, அதுக்கு நானே சம்மதம்னு சொல்லணுமாக்கும்?”

நிமிர்ந்து சபையைப் பார்த்தேன். ஒருவர் முகத்திலும் மாற்றமில்லை. அவர்களுக்குக் கேட்கவே இல்லை.

பழக்கம் யாரை விட்டது? கண் தானாகவே பாதையைத் தேடியது. லேப்டாப்பில் சத்தத்தின் அளவைக் காட்டும் பச்சைக் கோடு குதித்துக்கொண்டிருக்கிறது. மிக்சரில் எங்கள் வரிசையின் விளக்கு செத்துக் கிடக்கிறது. நடுவில் இருப்பது ஒரே ஒரு வயர். அதன் பின்னை உருவிப் பார்த்தேன். உலோகத்தின் மேல் இரண்டு கறுப்பு வளையம். பார்த்த மாத்திரத்தில் விளங்கிவிட்டது.

ஒற்றை வளையம் என்றால் அந்தப் பின் ஒரு சத்தத்தைக் கொண்டுபோகும், அது மோனோ. இரண்டு வளையம் என்றால் இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று என்று இரண்டு சத்தம், அது ஸ்டீரியோ. நாங்கள் செருகியிருந்த மிக்சர் ஓட்டையோ வேறு கணக்கு வைத்திருக்கிறது. நீள வயரில் வழியில் ஒட்டிக்கொள்ளும் இரைச்சலைக் களைவதற்காக, இரண்டு கம்பியிலும் வருவதை ஒன்றிலிருந்து ஒன்று கழிக்கும். இரண்டிலும் ஒரே மாதிரி இருப்பது குப்பை என்று தள்ளிவிட்டு, வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். நாதஸ்வரப் பதிவில் இடமும் வலமும் கொஞ்சம் வேறு வேறு. கழித்தது போக மிச்சம், கிணற்றுச் சத்தமாக வந்தது. போன் பேச்சு அப்படியில்லை. ஒரே குரலை இடதுக்கும் வலதுக்கும் அப்படியே நகல் எடுத்துக் கொடுக்கும். அதிலிருந்து அதையே கழித்தால் என்ன மிஞ்சும்? அண்ணன் என்ன கத்தினாலும் மிக்சருக்கு அது பூஜ்யம்.

சரிசெய்வது ஒன்றும் பெரிய காரியமில்லை. வேறு வயர்கூட வேண்டாம். ஹெட்போனைக் கழற்றிப் புரோகிதரின் மைக்கில் வைத்து அழுத்தினால் போதும், மண்டபம் முழுக்கக் கேட்கும். என்ன கேட்கும் என்பதுதான் பிரச்சினை.

“நாலு பேரு கேக்கட்டும்,” என்றது ஹெட்போன். “எம் மகன் மனசு ஒடஞ்சு கெடக்கான். அவன் மூஞ்சிய நான் எப்படிப் பாப்பேன்? நான் சம்மதிக்கல. சபையில சொல்றேன், சம்மதிக்கல.”

பின்னை மறுபடி அதே ஓட்டையில் செருகினேன். நன்றாக, கிளிக் என்று சத்தம் வரும்வரை செருகினேன்.

“வால்யூம ஏத்துங்கம்மா!” என்று யாரோ கத்தினார்கள். ஏற்றினேன். ஸ்பீக்கர் ‘உஸ்’ என்றது. “சத்தம் வரலையா, ஆளு பேசலையா?” என்று இன்னொரு குரல். நான் திருகை இன்னும் கொஞ்சம் ஏற்றினேன். மாப்பிள்ளையின் அப்பா எழுந்து நின்றுவிட்டார், இப்போது சிரிப்பில்லை. அவர் பக்கத்து ஆட்கள் குனிந்து குனிந்து பேசினார்கள். மணவறையில் பெண் தலையைத் தூக்கவே இல்லை. மாலையிலிருந்து ஒரு பூவைப் பிய்த்துப் பிய்த்து மடியில் போட்டுக்கொண்டிருந்தாள். புரோகிதர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். முகூர்த்தம் போய்க்கொண்டிருந்தது.

அக்கா மணவறையிலிருந்து இறங்கி டிவிக்கு முன்னால் வந்து நின்றாள். நின்றுபோன அந்த முகத்தை அண்ணாந்து பார்த்தாள்.

“அண்ணே,” என்றாள்.

டிவியைப் பார்த்துப் பேசினால் அந்தப் பக்கம் இருக்கிறவருக்கு நம் காதும் கன்னமும்தான் தெரியும். அவர் கண்ணைப் பார்க்க வேண்டுமென்றால் கேமராவைப் பார்க்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் யாருக்கும் இது தெரிவதில்லை. நான் அக்காவின் தோளைப் பிடித்துத் திருப்பினேன். “இங்குட்டுப் பாத்துப் பேசுக்கா. இந்தக் குட்டிக் கண்ணாடியப் பாத்து.”

அவள் லேப்டாப்பின் முன் குனிந்தாள். மூக்குத்தி கேமராவில் முட்டிவிடும் போல அவ்வளவு கிட்டத்தில்.

“பேச மனசு வரலையாண்ணே? பரவால்ல,” என்றாள். “ஒங்க மடியில உக்காந்துதான் இவ காது குத்திக்கிட்டா. அவ அழுததுக்கு நீங்களும் அழுதீக. எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு. ஒங்க மேல கோவம் இல்லண்ணே. என்ன வையிறதா இருந்தா வைங்க, வாங்கிக்கிறேன். புள்ளய மட்டும் ஒன்னும் நெனச்சிராதீக. வாயத் தொறக்க முடியலன்னா தொறக்க வேணாம். அப்படியே உக்காந்திருங்க. போன மட்டும் வச்சிராதீக. எங்கண்ணன் பாக்க நடந்துச்சுன்னு நான் சொல்லிக்கிறேன்.”

அவள் பேசத் தொடங்கியபோது அண்ணனும் பேசிக்கொண்டுதான் இருந்தார். “போதும்த்தா” என்றோ என்னவோ சொன்னார். பிறகு நிறுத்திவிட்டார். என் காதில் அவருடைய மூச்சு மட்டும் வந்தது. போனை வைத்துவிடப் போகிறார் என்று நினைத்தேன். திரையில் சிவப்புப் பொத்தானைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அழுகையா, இருமலா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது.

“கட்டச் சொல்லுத்தா,” என்றார். மெதுவாகச் சொன்னார். “நேரம் போகுது பாரு. கட்டச் சொல்லு.”

இதுவும் என் ஒருத்திக்குத்தான் கேட்டது.

ஹெட்போனைக் கழற்றினேன். புரோகிதர் கையிலிருந்த மைக்கைக் கேட்காமலே பிடுங்கினேன். ஆனால் இனி அண்ணன் எதைச் சொன்னாலும் அது நேராக சபைக்குப் போகும். ஒருமுறை சொன்னதை மறுமுறையும் அப்படியே சொல்வாரா? எனக்குத் தெரியாது. நடுவில் நின்று தடுக்க ஒரு தப்பான வயர்கூட இருக்காது.

“அண்ணே,” என்று லேப்டாப்பிடம் கத்தினேன். “சபைக்குக் கேக்கல. இன்னொரு வாட்டி சொல்லுங்கண்ணே.” சொல்லிவிட்டு ஹெட்போனின் ஒரு பக்கத்தை மைக்கில் வைத்து இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டேன்.

இங்கிருந்து அங்கே போய், அங்கிருந்து இங்கே வந்து சேர இணையத்தில் ஒரு சின்னத் தாமதம் எப்போதும் உண்டு. லேட்டன்சி என்பார்கள். ஒரு பெருமூச்சு விடுகிற நேரம்கூட இருக்காது. எனக்கு அன்றைக்கு அது போதும் போதும் என்றாகிவிட்டது.

“சம்மதம்.” ஸ்பீக்கர்கள் கரகரத்தன. பழைய ரேடியோவில் வருகிற மாதிரி, தகரத்தில் சுரண்டிய குரல். “தாய்மாமன் சொல்றேன். கட்டச் சொல்லுங்க.”

கெட்டிமேளம் கொட்டியது. பெண்கள் குலவை போட்டார்கள். அக்கா மேசையிலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். மகள் கழுத்தில் தாலி ஏறியதை அவள் பார்க்கவில்லை. என் கை ஹெட்போனை விட்டு வர மறுத்தது. மைக்செட்காரர் சாப்பிட்டு முடித்து வந்து விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார். “என்னக்கா, ஒயரு சரியில்லையா?” என்று கேட்டார். “ஒயரு நல்லாத்தான் இருந்துச்சு” என்றேன்.

சாயங்காலம் அண்ணனே கூப்பிட்டார்.

“தாலி கட்டிட்டாகளா இல்லையான்னே தெரியல எனக்கு. கடைசியில இங்கயும் படம் நின்னுபோச்சு. கொலவச் சத்தமே கேக்கல,” என்றார். கேட்டிருக்காது. பேச்சைத் தவிர மற்றதெல்லாம் இரைச்சல் என்று வடிகட்டிவிடும்படிதான் அந்தச் செயலிகளைச் செய்திருக்கிறார்கள். அவற்றுக்குக் குலவை என்றால் என்ன தெரியும்? நாய்ஸ் சப்ரெஷன் என்று ஒன்று உண்டு, அதை நான் அணைத்து வைத்திருக்க வேண்டும் என்றெல்லாம் அவருக்குச் சொல்லிக்கொண்டே போனேன். அவர் கேட்கிற மாதிரி தெரியவில்லை.

“மொதல்ல நான் பேசுனது…” என்று இழுத்தார்.

“சபைக்குக் கேக்கலண்ணே.”

“அவளுக்கு?”

“அக்காவுக்கும் கேக்கல.”

“ஒனக்கு?”

மோனோ, ஸ்டீரியோ என்று எதையாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். மனசு வரவில்லை. “கேட்டுச்சு,” என்றேன். “எல்லாம் கேட்டுச்சு.”

“கேட்டுக்கிட்டுத்தான் சும்மா நின்னியாக்கும்?”

“ஆமா. நாளைக்கே இன்னொரு கல்யாணம்னாலும் அப்படித்தான் நிப்பேன்.”

திட்டு விழும் என்று காத்திருந்தேன். அவர் வீட்டு மின்விசிறி சுற்றுவதுகூடக் கேட்கவில்லை. அதையும் இரைச்சல் என்று வடிகட்டியிருக்கும்.

“எம் மகன்ட்ட மட்டும் சொல்லிராதத்தா,” என்றார் கடைசியில். “காலையில அவன்தான் என்னைக் குளிக்கச் சொல்லி, விபூதி பூசிவிட்டு, செல்ல நிறுத்தி வச்சு உக்கார வச்சிட்டு வேலைக்குப் போனான். நல்லாச் சத்தமாச் சொல்லுங்கப்பா, அத்தைக்குக் கேக்கணும்னு சொல்லிட்டுப் போனான்.”